கடிகாரத்தோடு ஓர் எரிமலைப் பயணம்

அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் கொதிக்கும்போது குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சளசளவென்று உடைகின்றன. கூழ் அப்படியன்று. சிறிது நேரம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு ஓரிடத்தில் மேற்பரப்பு மெல்லப் புடைக்கிறது. 'புளக்' என்று வெடிக்கிறது. ஒரு துளி தெறித்துக் கிண்டுகிறவரின் புறங்கையைச் சுடுகிறது. என் பாட்டி கூழ் கிண்டும்போது பிள்ளைகளாகிய எங்களை அடுப்பருகே விடமாட்டார். "அது எப்பத் தெறிக்கும்னு அதுக்கே தெரியாதுடா" என்பார்.

இப்போது கூழுக்குப் பதில் உருகிய பாறையையும், பானைக்குப் பதில் கடலடியிலிருந்து எழுந்த ஒரு மலையையும் எண்ணிப் பாருங்கள். தெறிக்கும் துளிகளுக்குப் பதில் செக்கச்சிவந்த பாறைக் கட்டிகள். அப்படிப்பட்ட மலை ஒன்று இத்தாலி நாட்டில், சிசிலித் தீவுக்கு வடக்கே கடலில் தனித்து நிற்கிறது. அதன் பெயர் ஸ்ட்ராம்போலி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, ஏறத்தாழ ஓய்வே இல்லாமல், பத்து இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை அது வெடித்துக்கொண்டிருக்கிறது. இரவில் அதன் வெளிச்சத்தைக் கண்டு மாலுமிகள் திசையறிந்தனர். 'மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்' என்பது அதன் பட்டப்பெயர். ஜூல்ஸ் வெர்ன் 1864-இல் எழுதி வெளியிட்ட, பூமியின் நடுவுக்குப் பயணம் போகும் கதையில் வீரர்கள் கடைசியில் வெளியே வந்து விழுவதும் இந்த மலையின் வாய் வழியாகத்தான். அது கதை. உண்மையில் 1100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அந்தக் குழாய் வழியாக வந்தவர் கதை சொல்ல மிஞ்சமாட்டார்.

உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இத்தீவுக்கு மூன்று நான்கு நாள் பயணமாக வந்து, வழிகாட்டியுடன் மலையேறிப் போகிறார்கள். நாமும் போவோம், கற்பனையில். டிக்கெட் வேண்டாம். வினாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம், குறிப்பேடு, பென்சில், நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியல், இவை போதும். இவற்றைக் கொண்டு ஓர் எரிமலையைப் பற்றி எவ்வளவு கண்டறியலாம், எந்த இடத்தில் நம் கணக்கு நின்றுவிடும் என்பதைப் பார்த்து வருவோம்.

தீவை அடைதல்

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் மாலையில் கப்பல் ஏறுகிறோம். இரவு முழுதும் தெற்கு நோக்கிப் பயணம். விடியலுக்கு முன் மேல்தளத்துக்கு வந்து நின்றால், இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி மறைவதைக் காணலாம். வெளிச்சம் வந்ததும் ஒரு கூம்பு தெரிகிறது. கடலுக்கு மேலே 924 மீட்டர். ஆனால் கடலடியிலிருந்து அளந்தால் மலையின் உயரம் ஏறக்குறைய 3000 மீட்டர். நாம் பார்ப்பது மேலிருக்கும் மூன்றில் ஒரு பங்கைத்தான். தீவின் பரப்பு 12.6 சதுர கிலோமீட்டர். அதில் சில நூறு பேர் வாழ்கிறார்கள். மலையின் வடகிழக்கே ஓர் ஊர், தென்மேற்கே ஜினோஸ்த்ரா என்ற சிற்றூர். இரண்டுக்கும் இடையே சாலை கிடையாது. படகில்தான் போகவேண்டும்.

கடற்கரை மணல் கறுப்பு. எரிமலைக் குழம்பு குளிர்ந்து உண்டான பசால்ட் பாறை பொடியான மணல் அது. கறுப்பு நிறம் வெயிலை நன்றாக உறிஞ்சுவதால் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. சென்னைக் கடற்கரை மணலிலேயே நாம் துள்ளுகிறோம், இங்கே கேட்கவே வேண்டாம்.

முதல் நாள் படகில் தீவைச் சுற்றி வருவது வழக்கம். வடமேற்குப் பக்கம் வந்ததும் பச்சை மறைந்து, உச்சியிலிருந்து கடல்வரை ஒரே கருஞ்சரிவாக இறங்குகிறது மலை. 'ஷாரா டெல் ஃபுவோகோ' என்று இதற்குப் பெயர். நெருப்புச் சரிவு என்று நாம் சொல்லிக்கொள்வோம். வெடிவாய்கள் இதன் தலைமாட்டில், ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே தெறிக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்தச் சரிவில் உருண்டு கடலில் விழுகின்றன. ஊர் மறுபக்கம் இருப்பதால்தான் மக்கள் இங்கே குடியிருக்க முடிகிறது.

ஆனாலும் இந்தச் சரிவை முழுவதும் நம்ப முடியாது. 2002-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று இதன் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்தது. எழுந்த ஆழிப்பேரலை தீவின் கரையில் சில இடங்களில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம்வரை ஏறியது. குளிர்காலமாதலால் பயணிகள் அதிகம் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. கோடைக்கால நண்பகலாக இருந்திருந்தால் கடற்கரை நிரம்பியிருக்கும்.

வழிகாட்டியின் பின்னால்

இரண்டாம் நாள் பிற்பகல் வழிகாட்டி நம்மை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரையும் சோதிக்கிறார். தலைக்கவசம், தடித்த காலணி, கைவிளக்கு, குடிநீர், உச்சிக் காற்றுக்கு ஒரு கம்பளிச் சட்டை. ஒரு வழிகாட்டியுடன் இருபது பேருக்கு மேல் போவதில்லை.

முன்பெல்லாம் வழிகாட்டிகள் பயணிகளை 918 மீட்டர் உயரத்திலுள்ள முகடுவரை அழைத்துப் போவார்கள். அங்கே நின்றால் வெடிவாய்கள் காலுக்குக் கீழே, சில நூறு மீட்டர் தொலைவில் இருக்கும். 2019-க்குப் பிறகு அந்த வழி மூடப்பட்டது. துணையின்றிப் போகிறவர்களுக்கு 290 மீட்டர், வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு 400 மீட்டர் என்று எல்லை விதித்தார்கள். மலையின் அன்றைய நிலையைப் பார்த்து இதையும் குறைப்பார்கள், முற்றிலும் நிறுத்தவும் செய்வார்கள். 2019-இல் என்ன நடந்தது? அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் 400 மீட்டர் மேட்டில் உட்காருவோம்.

சூரியன் கடலில் இறங்குகிறது. மேலே வெள்ளைப் புகை. திடீரென்று சிவப்பு ஊற்று ஒன்று ஓசையின்றி எழுகிறது. எழுந்து, விரிந்து, விழத் தொடங்கும்போதுதான் 'டும்' என்ற ஒலி வருகிறது. உடனே கடிகாரத்தைப் பாருங்கள்.

முதல் கணக்கு எளியது. வெளிச்சம் தெரிந்ததற்கும் ஒலி கேட்டதற்கும் இடையே 3 வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஒளி வந்துசேர ஆகும் நேரம் இங்கே புறக்கணிக்கத்தக்கது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எனவே வெடிவாய் நம்மிடமிருந்து 1020 மீட்டர் தொலைவில் உள்ளது. இது சாய்வுத் தொலைவு. வாய் நம்மைவிட 350 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பித்தகோரஸ் தேற்றப்படி கிடைத்தளத் தொலைவு ஏறத்தாழ 960 மீட்டர். இந்த எண்ணைக் கட்டம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

இரண்டாவதாக, அடுத்த வெடிப்பில் ஒரே ஒரு நெருப்புக் கட்டியைக் கண்ணால் பின்தொடருங்கள். நேர் மேலே போகும் கட்டியாக இருக்கட்டும். வாயைவிட்டு வெளிவந்ததிலிருந்து உச்சியில் ஒரு கணம் நிற்பதுவரை 5 வினாடி. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்வோம். (9.8 என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கை உயரும். இருட்டில் கைக்கடிகாரத்தால் அளக்கும்போது அந்த 0.2 ஒரு பொருட்டில்லை.) மேலே போகும் பொருள் வினாடிக்கு வினாடி 10 வீதம் திசைவேகத்தை இழக்கிறது. 5 வினாடியில் எல்லாம் தீர்ந்தது என்றால் புறப்பட்ட திசைவேகம் வினாடிக்கு 50 மீட்டர். ஏறிய உயரம் 125 மீட்டர். ஓர் அனல் கட்டியைத் தொடாமலே அதன் வேகத்தை அளந்துவிட்டோம்!

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் கணக்கில் காற்றின் தடை இல்லை. கனமான கட்டிக்கு இது பெரிய பிழை ஆகாது. ஆனால் விரல்நுனி அளவுள்ள துகள்களைக் காற்று சீக்கிரமே தடுத்து நிறுத்திவிடும். அதிவேகக் கேமராவைக் கொண்டு இந்த மலையில் படமெடுத்த ஆராய்ச்சியாளர்கள், சில துகள்கள் வாயை விட்டுப் புறப்படும்போது வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் இருப்பதைக் கண்டனர். இது ஒலியின் வேகத்தையும் மிஞ்சியது! நம் கண்ணும் கைக்கடிகாரமும் அந்த முதல் கணத்தைப் பார்க்கவே இல்லை.

நிறத்தையும் கவனியுங்கள். வாயில் மஞ்சள் கலந்த ஆரஞ்சாக இருக்கும் கட்டி, விழும்போது கருஞ்சிவப்பாகிறது. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு நிறம் மாறுவதுபோல்தான் இதுவும். பகலில் பார்த்தால் இதே கட்டிகள் வெறும் கறுப்புக் கற்களாகத் தெரியும்.

குமிழியின் கதை

அடுத்த வெடிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில், இவை ஏன் வெடிக்கின்றன என்று பார்ப்போம். பாறைக் குழம்பில் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயுக்கள் ஆகியன ஆழத்தில் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைய, அவை குமிழ்களாகப் பிரிகின்றன. சோடா புட்டியைத் திறந்தால் நடப்பதும் இதுவே. குழம்பு மிகவும் இளகியதாக இருந்தால், ஹவாய்த் தீவுகளில் உள்ளதுபோல், வாயு பெரும்பாலும் அமைதியாக வெளியேறிவிடும். மிகவும் கெட்டியாக இருந்தால் வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே அடைபட்டு, ஒரு நாள் மலையையே பிளக்கும். ஸ்ட்ராம்போலி இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது, கூழ் பதம். சிறு குமிழ்கள் ஒன்றுசேர்ந்து, குழாயின் அகலத்தையே அடைக்கும் பெருங்குமிழாகி மேலே வருகின்றன. இத்தகைய வெடிப்பு எங்கே நிகழ்ந்தாலும் உலகம் முழுவதும் இதை 'ஸ்ட்ராம்போலி வகை' என்றே அழைக்கிறார்கள். நம் அந்தமான் கடலில், 1991-இல் மீண்டும் விழித்துக்கொண்ட பாரன் தீவு எரிமலையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

நிலஅதிர்வுக் கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இந்தப் பெருங்குமிழ்களின் அசைவு வாய்களுக்குக் கீழே சுமார் 200 மீட்டர் ஆழத்தில் தொடங்குவதாகக் கண்டனர். அங்கே அழுத்தம் எவ்வளவு? தண்ணீரில் 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். பாறைக் குழம்பு தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே 4 மீட்டருக்கே ஒரு வளிமண்டலம் கூடிவிடும். 200 மீட்டரில் 50, அத்துடன் மேலுள்ள காற்றின் 1, மொத்தம் 51 வளிமண்டல அழுத்தம். (குழம்பில் ஏற்கெனவே சிறு குமிழ்கள் நிறைந்திருப்பதால் உண்மை அடர்த்தி சற்றுக் குறையும். ஆகவே இதை மேல்வரம்பு என்று கொள்க.)

சுற்றிலும் ஒரே வெப்பநிலையில் குழம்பு இருப்பதால் பாயில் விதியைப் பயன்படுத்தலாம். 200 மீட்டர் ஆழத்தில் 1 லிட்டராக இருக்கும் வாயு மேற்பரப்பில் 51 லிட்டராக வேண்டும். இதில் வியப்பு எங்கே என்றால், 4 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அழுத்தம் 2 வளிமண்டலம்தான். அங்கே பருமன் 25.5 லிட்டர். அதாவது 196 மீட்டர் பயணத்தில் 25.5 லிட்டர்வரை வந்த வாயு, கடைசி 4 மீட்டரில் அதை இருமடங்காக்க வேண்டியிருக்கிறது! கெட்டியான குழம்பு அவ்வளவு விரைவாக விலகிக் கொடுக்காது. எனவே வாயு முழுதும் விரிய நேரமின்றி, மிச்ச அழுத்தத்தோடேயே மேற்பரப்பை அடைந்து, மேலிருக்கும் குழம்புத் தோலைக் கிழித்து வீசுகிறது. நாம் கேட்ட 'டும்' அதுதான். அந்த ஒலியில் பெரும்பகுதி வினாடிக்கு 20 அதிர்வுக்கும் குறைவானதால் நம் காதுக்கு எட்டுவதில்லை. மலையில் வைத்துள்ள கருவிகள் அதையும் சேர்த்துக் கேட்கின்றன.

அடுத்தது எப்போது?

இனி மூன்றாவது அளவீடு. ஒவ்வொரு வெடிப்பின் நேரத்தையும் குறித்துவருகிறோம். இடைவெளிகள் நிமிடக் கணக்கில் இப்படி வந்ததாகக் கொள்வோம்: 4, 19, 11, 2, 23, 13. கூட்டினால் 72. ஆறால் வகுத்தால் சராசரி 12 நிமிடம்.

இப்போது குழுவில் ஒருவர் சொல்கிறார்: "கடைசி வெடிப்பு நடந்து 3 நிமிடம்தான் ஆயிற்று. இன்னும் 9 நிமிடம் இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் மேலே போய்ப் படமெடுத்து வந்துவிடலாமே?" வழிகாட்டி அவர் தோளைப் பிடித்து உட்காரவைக்கிறார்.

வழிகாட்டி செய்ததுதான் சரி. நம் பட்டியலையே பாருங்கள். 2 நிமிடத்திலும் வெடித்திருக்கிறது, 23 நிமிடமும் சும்மா இருந்திருக்கிறது. சராசரி என்பது நடந்து முடிந்தவற்றைப் பற்றிய எண். அடுத்த குமிழ் அந்த எண்ணைப் படித்துவிட்டு வருவதில்லை. டவுன் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று பலகையில் எழுதியிருக்கும். அரை மணி காத்திருந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரும். அங்காவது ஓட்டுநர்களுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. குழாய்க்குள் குமிழ்கள் எப்போது சேரவேண்டும் என்பதற்கு அதுவும் இல்லை. நீண்ட அமைதியும் பாதுகாப்புக்கு அடையாளமன்று, அடுத்தடுத்து வெடிப்பதும் ஆபத்துக்கு அடையாளமன்று.

சரி, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கட்டும். நாம் இருக்கும் இடத்துக்குக் கட்டிகள் வந்துசேருமா? இதைக் கணக்கிட முடியும். கட்டம் கட்டி வைத்த 960 மீட்டரை எடுங்கள். சமதளத்தில் எறிபொருள் செல்லும் மிகைத் தொலைவு, திசைவேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 50 மீட்டர் வேகத்துக்கு இது 250 மீட்டர். ஆனால் நாம் வாயைவிட 350 மீட்டர் கீழே இருப்பதால் கட்டி இன்னும் சற்றுத் தொலைவு பறந்துதான் நம் மட்டத்துக்கு வரும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மிகைத் தொலைவு ஏறத்தாழ 490 மீட்டர் ஆகிறது. நாமோ அதைப்போல் இருமடங்கு தொலைவில் இருக்கிறோம். நிம்மதி.

வேகம் இருமடங்காகி, வினாடிக்கு 100 மீட்டர் ஆனால்? தொலைவும் இருமடங்காகும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வேகத்தின் வர்க்கம் இதில் வருகிறது. சமதளத்தில் 250 மீட்டர் என்பது 1000 ஆகிவிடும். நம் மட்டத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1300 மீட்டர். நாம் உட்கார்ந்திருக்கும் மேடு அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. தலைக்கவசம் ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? வர்க்கம் என்ற சொல் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண்தான். இந்தச் சரிவில் அதன் விலை வேறு.

2019 ஜூலை 3

அன்று மாலை 4 மணி 46 நிமிடத்துக்கு, வழக்கமான வெடிப்புகளுக்கு நடுவே, மலை தன் வழக்கத்தை விட்டது. சாம்பலும் வாயுவும் சேர்ந்த தூண் 4 கிலோமீட்டருக்கும் மேலே எழுந்தது. கொதிக்கும் சாம்பல் மேகம் நெருப்புச் சரிவில் இறங்கிக் கடல்மேல் ஓடியது. சரிவுகளில் செடிகொடிகள் பற்றி எரிந்தன. ஜினோஸ்த்ராவில் எரிகற்கள் விழுந்தன. மலைச்சரிவில் நடந்துகொண்டிருந்த ஒருவர் உயிரிழந்தார்.

வழிகாட்டிகள் அக்காலத்தில் குழுக்களைச் சூரியன் மறையும் வேளைக்கு உச்சியை அடையும்படி அழைத்துப் போவது வழக்கம். இருட்டில்தான் காட்சி நன்றாக இருக்கும். ஜூலையில் அங்கே சூரியன் மறைவது இரவு எட்டு மணிக்கு மேல். மலை வெடித்தபோது உச்சி முகடு வெறுமையாக இருந்தது. மூன்றரை மணி நேரம் கழித்து வெடித்திருந்தால் அங்கே பலர் நின்றிருப்பார்கள். அவர்களைக் காப்பாற்றியது எந்தக் கணக்கும் அன்று. கடிகார முள் நின்ற இடம்தான்.

இத்தகைய பெருவெடிப்புகளில் சில: 2003 ஏப்ரல் 5, 2007 மார்ச் 15, 2019 ஜூலை 3, 2019 ஆகஸ்டு 28. இடைவெளிகளை நீங்களே பாருங்கள். ஏறக்குறைய 4 ஆண்டு, பிறகு 12 ஆண்டுக்கும் மேல், பிறகு வெறும் 56 நாள். இதற்குச் சராசரி எடுத்து என்ன செய்வது?

இன்னொன்று இதைவிட முக்கியமானது. நாம் மேட்டில் உட்கார்ந்து ஆயிரம் இடைவெளிகளைக் குறித்தாலும் பெருவெடிப்பைப் பற்றி அவற்றிலிருந்து ஒன்றும் தெரியப்போவதில்லை. காரணம், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவன அல்ல. வழக்கமான வெடிப்பில் வெளிவருவது குழாயின் மேற்பகுதியில் வாயுவை ஏற்கெனவே பெருமளவு இழந்துவிட்ட, கறுத்த குழம்பு. பெருவெடிப்பில் அதனுடன் வெளிர் பொன்னிறமான நுரைக்கற்களும் வந்து விழுகின்றன. அவற்றைச் சோதித்தவர்கள், இந்தக் குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து, வாயுவை இழக்க அவகாசமின்றி, விரைந்து மேலே வந்தது என்று கண்டனர். நாம் குறித்துக்கொண்டிருந்தது மேல்மாடியின் கடிகாரத்தை. கீழே, நிலவறையில், வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்க வழி உண்டா? ஓரளவு உண்டு. கூழ் வெடிக்குமுன் மேற்பரப்பு புடைக்கிறது அல்லவா? மலையும் புடைக்கிறது. வழக்கமான வெடிப்புக்கு முன் சில நிமிடம் புடைக்கிறது, பிறகு தணிகிறது. இந்தப் புடைப்பு எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கோலின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் உண்டாகும் சாய்வு ஒரு மைக்ரோரேடியன். மலையின் உடம்பில் புதைத்துள்ள சாய்வுமானிகள் இதையும் இதற்குக் குறைவானவற்றையும் அளக்கின்றன. ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழக அறிவியலார் பல ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்ட முடிவு இது: பெருவெடிப்புகளுக்கு முன்னரும் இதே வகைப் புடைப்புதான் நிகழ்கிறது. ஆனால் அது வெகு முன்னதாகவே, ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு முன்பே, தொடங்கிவிடுகிறது. இதைக் கண்டதும் தானே ஒலிக்கும்படி சங்குகளைத் தீவில் அமைத்திருக்கிறார்கள்.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு? 400 மீட்டர் மேட்டிலிருந்து, இருட்டில், உருளும் சாம்பல்மண் பாதையில் இறங்குகிறவர் நிமிடத்துக்கு 10 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொண்டால் 300 மீட்டர் மட்டத்துக்கு வருவார். 918 மீட்டர் முகட்டில் இருப்பவர் 818 மீட்டருக்கு வருவார், வெடிவாயைவிட இன்னும் உயரத்திலேயே இருப்பார். கடலோரத்தில் நிற்பவருக்கோ, அலைக்கு அஞ்சி மேட்டில் ஏறிக்கொள்ள அந்தப் பத்து நிமிடம் தாராளம். எல்லையை எங்கே வைப்பது என்ற கேள்வியை இந்தக் கணக்கோடும் முன்பு போட்ட எறிபொருள் கணக்கோடும் சேர்த்துப் பாருங்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், உச்சிவரை போகமுடியவில்லையே என்று முகம் சுளிக்கும் பயணியிடம் இந்த இரண்டு கணக்குகளையும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

மணி ஒன்பதாகிறது. வழிகாட்டி எழுந்துவிட்டார். கைவிளக்குகளை ஏற்றிக்கொண்டு ஒற்றை வரிசையில் இறங்குகிறோம். நாளை மறுபடியும் கப்பல்.

வீட்டில் செய்து பார்க்க

வீட்டில் கூழ் காய்ச்சும் நாளில், பெரியவர் ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் குறிப்பேட்டோடு விலகி உட்காருங்கள். கிண்டாமல் விட்டிருக்கும் சிறிது நேரத்தில் இருபது 'புளக்'குகளின் நேரத்தைக் குறியுங்கள். சராசரி இடைவெளி எவ்வளவு, மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்று எழுதுங்கள். மிக உயரமாகத் தெறித்த துளி 20 சென்டிமீட்டர் எழுந்தது என்றால் அதன் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று கணக்கிட்டுச் சரிபாருங்கள். அதே வேகத்தில் சாய்வாகத் தெறித்தால் பானை வாயின் மட்டத்தில் 40 சென்டிமீட்டர் தொலைவுவரை வரும். அடுப்பு மேடைமேல் இருந்தால், மேடையின் உயரத்தையும் சேர்த்து, நீங்கள் உட்கார வேண்டிய இடம் எதுவென்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த தொலைவைப் போல் இருமடங்கு தள்ளி உட்காருங்கள்.